ஏற்காடு ஏறினால் மட்டும் ஆயில் கசிகிறதா? எஞ்சினை இறக்கும் முன் பாருங்கள்

கேள்வி: எட்டு வருடம் ஓடிய 150 சிசி பைக். ஊருக்குள் ஓட்டினால் ஒன்றும் தெரிவதில்லை. ஏற்காடு போய் ஏரிக்கரையில் சைடு ஸ்டாண்டு போட்டால், கொஞ்ச நேரத்தில் எஞ்சினுக்கு அடியில் இடது பக்கம் நாலைந்து சொட்டு ஆயில். மெக்கானிக், "எஞ்சினை இறக்கி ஃபுல் பேக்கிங் மாத்தணும்" (எஞ்சின் பாகங்கள் சேரும் இடத்தில் கசிவைத் தடுக்கும் மெல்லிய அட்டைகள்) என்கிறார். வேறு வழி உண்டா? (வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்)

பதில்: எஞ்சினை இறக்குவது கடைசி வேலை. முதல் சந்தேகம் இடது பக்க ஆயில் சீல்கள் (ஷாஃப்ட் எனும் தண்டைச் சுற்றி ஆயில் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையங்கள்) மேல்தான் விழ வேண்டும். பல மாடல்களில் அவற்றை எஞ்சின் வண்டியில் இருக்கும்போதே மாற்றிவிடலாம். ஆனால் எந்தச் சீல் என்று உறுதியாகாமல் ஒரு போல்ட்டைக்கூடத் தொடாதீர்கள்.

மலையில் மட்டும் கசிவதில் மர்மம் இல்லை. 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இரண்டாவது, மூன்றாவது கியரிலேயே ஏறுகிறீர்கள். எஞ்சின் சுற்று அதிகம், வேகம் குறைவு, எதிர்க்காற்றும் போதாது. சூட்டில் ஆயில் நீர்த்துவிடும். பிஸ்டனைத் தாண்டி இறங்கும் வாயு கிராங்க் கேஸ் எனும் எஞ்சின் அடிப்பெட்டிக்குள் அழுத்தத்தைக் கூட்டும். அந்தச் சூட்டோடு சைடு ஸ்டாண்டு போட்டால் வண்டி இடது பக்கம் சாய்கிறது. உள்ளே உள்ள ஆயிலும் அந்தப் பக்கமே சேர்ந்து, நிமிர்ந்து நிற்கும்போது ஆயில் மட்டத்துக்கு மேலே இருக்கும் சீலைக்கூட நனைக்கும்.

முதலில் அளவு. எஞ்சினை மூன்று நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, சென்டர் ஸ்டாண்டில் மூன்று நிமிடம் கழித்துப் பாருங்கள். டிப் ஸ்டிக்கைத் திருகி அளப்பதா, சும்மா வைத்து அளப்பதா என்பது மாடலுக்கு மாடல் மாறும். வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். எஞ்சின் எவ்வளவு கேட்டாலும் டப்பாவை முழுசாகக் கவிழ்ப்பது பல இடங்களில் வழக்கம். மேல் கோட்டைத் தாண்டினால் மிச்சம், உள் அழுத்தத்தை வெளியே விடும் பிரீதர் குழாய் வழியாக ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் போய், அங்கிருந்து கீழே சொட்டும். அதைப் பார்த்துவிட்டுப் பேக்கிங் போச்சு என்பார்கள்.

அடுத்து, கழுவுங்கள். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, சைலன்சர் வாயையும் ஏர் ஃபில்டர் வாயையும் பாலிதீன் பையால் கட்டி, மண்ணெண்ணெய் அல்லது டீசல் தொட்ட பிரஷ்ஷால் தேய்த்து, ஷாம்பு தண்ணீரில் அலசுங்கள். இடது பக்கம் முன் ஸ்பிராக்கெட் (செயினை இழுக்கும் பல் சக்கரம்) கவரைக் கழற்றியே ஆக வேண்டும். உள்ளே செயின் லூப்பும் புழுதியும் சேர்ந்து கருப்புக் களியாக அப்பியிருக்கும். சில வண்டிகளில் "ஆயில் லீக்" என்பதே சூட்டில் உருகி வழியும் இந்தக் களிதான்.

முழுக்கக் காய்ந்த பிறகு முகப்பவுடரை மெல்லிய துணியில் முடிந்து, எஞ்சின் மேல் தட்டி வெள்ளையாக்குங்கள். (ஜவ்வரிசி ஊர் என்பதற்காக மாவைத் தூவ வேண்டாம். ஈரம் இருந்தால் சூட்டில் பசையாகி ஒட்டிக்கொள்ளும்.) பத்து நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டுப் பாருங்கள், பிறகு நாலைந்து கிலோமீட்டர் ஊருக்குள். ஒன்றும் தெரியாவிட்டால் அடிவாரத்திலிருந்து ஏறி, சில வளைவுகளுக்கு ஒருமுறை ஓரம் கட்டி டார்ச் அடித்துப் பாருங்கள். ஓடும் வண்டியில் ஆயில் கீழேயும் பின்னாலேயும்தான் போகும். அதனால் சொட்டும் இடத்தை விடுங்கள். பவுடர் நனைந்திருக்கும் இடங்களில் எது உயரத்திலும் முன்னாலும் இருக்கிறதோ, அதுதான் ஊற்று.

உங்கள் வண்டியில் பார்க்க வேண்டியவை: கியர் ராடு சீல், முன் ஸ்பிராக்கெட்டுக்குப் பின்னால் உள்ள சீல், நியூட்ரல் ஸ்விட்சின் ஓ ரிங் (வட்ட ரப்பர் வளையம்), மேக்னெட் (மின்சாரம் தயாரிக்கும் பாகம்) கவர் பேக்கிங், அங்கிருந்து ஒயர் வெளியே வரும் ரப்பர். கடைசியாகச் சொன்னதைப் பலரும் பார்ப்பதில்லை. ஒயர் வழியாகவே ஆயில் ஊர்ந்து வேறெங்கோ போய்ச் சொட்டும். இவை எல்லாம் காய்ந்திருந்து மேலே ஈரம் என்றால் டேப்பட் கவர் (வால்வுகளைச் சரிசெய்யத் திறக்கும் மேல் மூடி) ஓ ரிங், டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் பேக்கிங். அடியில் மட்டும் ஈரம் என்றால் டிரெயின் போல்ட் வாஷர்.

சீல் மாற்றுவதில்தான் பாதி வேலை கெடுகிறது. பழைய சீலின் முகத்தில் உள் விட்டம், வெளி விட்டம், தடிமன் என மூன்று எண்கள் இருக்கும். சீலையே கடைக்குக் கொண்டுபோங்கள். நோண்டி எடுக்கும்போது ஷாஃப்டில் கீறல் விழக்கூடாது. ஷாஃப்டை நகத்தால் தடவி, பள்ளம் தட்டுப்பட்டால் புதுச் சீலின் உதடு அதே தடத்தில் உட்காராதபடி, இடம் இருந்தால் ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் பொருத்துங்கள். ஷாஃப்டின் பற்கள் மேல் டேப் சுற்றி, உதட்டில் கிரீஸ் தடவி, ஸ்பிரிங் உள்ள பக்கம் உள்ளே பார்க்க, அளவான சாக்கெட்டால் நேராகத் தட்டி இறக்க வேண்டும்.

கவர் பேக்கிங்குக்கு மேல் பேஸ்ட்டை அப்பச் சொல்லாதீர்கள். உள்பக்கம் பிதுங்கியது பிய்ந்து போய் ஆயில் ஜல்லடையை அடைக்கும். 6 மில்லிமீட்டர் கவர் போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் போதும். டிரெயின் போல்ட்டை ஒவ்வொரு ஆயில் மாற்றத்திலும் புது வாஷரோடு, கையேடு சொல்லும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். அலுமினியத்தில் மரை போனால் ஹெலிகாயில் (புது மரையாக நிற்கும் கம்பிச் சுருள்) போடும் வேலை வரும்.

புதுச் சீலும் சில மாதத்தில் கசிந்தால் சீலைத் திட்டாமல் பிரீதர் குழாயைக் கழற்றி ஊதிப் பாருங்கள். அது அடைத்திருந்தாலோ மடங்கியிருந்தாலோ, உள் அழுத்தம் பலவீனமான சீலைத் தேடிப் போகும்.

எஞ்சினைப் பிரிக்க வேண்டிய நிலையும் உண்டு. இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டு வந்து, அடிவாரத்தில் மறுபடி முறுக்கும்போது நீலப் புகை வந்தால் வால்வ் சீல் தேய்ந்திருக்கும்; அதற்கு எஞ்சினின் மேல் பகுதியான ஹெட்டைக் கழற்றினால் போதும். ஏற்றத்தில் இழுக்கும்போதே புகைந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும்.

அதுவரை ஏற்காட்டிலிருந்து இறங்கும் முன் பின் டயரின் இடது ஓரத்தைத் தடவிப் பாருங்கள். கையில் பிசுக்கு ஒட்டினால் ஷாம்பு தண்ணீரில் டயரைக் கழுவித் துடைத்துவிட்டு, ஆயில் அளவையும் பார்த்த பிறகே கிளம்புங்கள். ஏறக்குறைய 1 லிட்டர் மட்டுமே பிடிக்கும் எஞ்சினில் 200 மில்லி குறைந்தால் ஐந்தில் ஒரு பங்கு போனது.