'ஓம்புதல்' போய் 'ஓம்புட்ஸ்மன்' ஆனதா?

கேள்வி: குறைதீர்ப்பாளரைக் குறிக்கும் 'ஓம்புட்ஸ்மன்' என்பது நம்முடைய 'ஓம்புதல்' என்ற சொல்லிலிருந்து போனதுதான் என்று நண்பர் அடித்துச் சொல்கிறார். மெய்யா? அந்தப் பதவிக்குப் பெண் வந்தால் எப்படிச் சொல்வது?

பதில்: நண்பரின் தமிழ்ப் பற்றுக்கு ஒரு கும்பிடு. ஆனால் ஒலி ஒத்துப்போனதாலேயே உறவு வந்துவிடாதே! இது அசல் ஸ்வீடிஷ் சொல். 'புட்' என்றால் சொல்லியனுப்பும் செய்தி, கட்டளை. முன்னால் 'ஓம்' சேர்ந்து 'ஓம்புட்' ஆனால், இன்னொருவர் சார்பில் செயல்பட அதிகாரம் பெற்றவர். அஞ்சல் நிறுவனத்துக்காகப் பார்சல் கொடுக்கும் கடையும் ஸ்வீடனில் ஓம்புட்தான். தொழிற்சங்க அலுவலர் ஓம்புட்ஸ்மன். ஆக, சொல்லுக்குள் குறையும் இல்லை, தீர்ப்பதும் இல்லை.

அந்த வேலை ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் ஒரு தோல்வி. 1709ல் பொல்தாவாவில் ரஷ்யரிடம் தோற்ற ஸ்வீடன் மன்னர் பன்னிரண்டாம் சார்லஸ், துருக்கி சுல்தானின் ஆட்சிப்பகுதியில் போய்த் தங்கிவிட்டார். ராஜா இல்லாத நாட்டில் அதிகாரிகள் வைத்ததுதானே சட்டம்? அவர்களைத் தன் சார்பில் கண்காணிக்க 'உயர் ஓம்புட்ஸ்மன்' என்ற பதவியை 1713ல் அங்கிருந்தபடியே உருவாக்கினார். 1809ஆம் ஆண்டின் அரசியல் சட்டம் நாடாளுமன்றத்துக்கும் தனியாக ஒருவரைத் தந்தது. 'நீதி ஓம்புட்ஸ்மன்' என்று பொருள்படும் அவர் பெயர் ஸ்வீடிஷில் நீளம் (Justitieombudsman) என்பதால் 'ஜே.ஓ.' என்ற இரண்டெழுத்து. அவர்கள் வாயில் அது 'யீ-ஊ'. முதலில் அமர்ந்தவர் லார்ஸ் அகஸ்டின் மன்னர்ஹெய்ம், 1810ல். ஜே.ஓ.விடம் யாரும் புகார் தரலாம். நீதிமன்றத் தீர்ப்பை அவர் மாற்ற முடியாது. தவறிய அதிகாரியைக் கண்டிக்கலாம், வழக்கே தொடரலாம். நாடாளுமன்றத்தின் ஆள் என்பதை மறக்காதீர்கள். மக்களின் வக்கீல் என்று நினைப்பது பாதிதான் சரி.

இலக்கணம் சுவையானது. நடுவில் நிற்கும் 'ஸ்' பழைய ஆறாம் வேற்றுமையின் மிச்சம். 'மரத்து வேர்' என்பதில் வரும் அத்துச் சாரியை போல இன்று இணைப்பு வேலை மட்டும் பார்க்கிறது. ஒருவர் 'ஓம்புட்ஸ்மன்', பலர் 'ஓம்புட்ஸ்மேன்'. ஆங்கிலத்தின் 'தி' (the) போல இங்கே முன்னால் தனிச்சொல் வராது, வாலில் ஒட்டும்: 'ஓம்புட்ஸ்மன்னென்'.

பெண்ணுக்கும் இதே பெயர்தான். தலைமை ஜே.ஓ.வாக எலிசபெத் ரூனிங் இருந்தபோதும் பதவிப்பெயர் மாறவில்லை. ஆணைக் குறிக்கும் 'மன்' உறுத்துகிறது என்றால் வெட்டிவிட்டு 'ஓம்புட்' எனலாம். ஒன்றே ஒன்று: தொகைச்சொல்லின் பாலைக் கடைசித் துண்டுதான் முடிவு செய்யும். 'மன்' இருக்கும்வரை, 'ஒரு' என்று சொல்ல முன்னால் 'என்' (en) வரும். 'மன்' போனால் 'எட்' (ett) போட வேண்டும்.