தக்காளி இலையில் புள்ளியா? இலையைப் பாருங்கள், அப்புறம் மருந்து வாங்கலாம்

கேள்வி: பாலக்கோடு பக்கம் ஒரு ஏக்கர் தக்காளி போட்டிருக்கிறேன் ஐயா. காய் பிடிக்கிற நேரத்தில் அடி இலையெல்லாம் பழுப்புப் புள்ளி விழுந்து, மஞ்சளாகி உதிர்கிறது. கடையில் கொடுத்த மூன்று மருந்தையும் ஒரே டேங்கில் கலந்து அடித்தும் நிற்கவில்லை. இதைவிட வீரியமான மருந்து எது?

பதில்: வீரியமான மருந்தை அப்புறம் பார்ப்போம். முதலில் புள்ளி விழுந்த இலை ஒன்றைப் பறித்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். புள்ளிக்குள் வளையம் வளையமாகக் கோடு தெரிந்து, சுற்றிலும் மஞ்சள் படர்ந்திருந்தால் அது முன் இலைக்கருகல், ஆல்டர்னேரியா என்ற பூஞ்சாணத்தின் வேலை. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இதுவாகத்தான் இருக்கும், ஏனென்றால் இது முதிர்ந்த அடி இலையில் தொடங்கித்தான் மேலே ஏறும், அதுவும் செடி காய்ச் சுமையில் சோர்ந்திருக்கும்போது வேகமாக ஏறும். புள்ளிகள் மிகச் சிறியதாக, நடுவில் சாம்பல் நிறமும் அதில் கடுகைவிடச் சிறிய கறுப்புப் பொட்டுகளுமாக இருந்தால் செப்டோரியா இலைப்புள்ளி. குளிரும் தூறலும் சேர்ந்த நாட்களில் இலையில் வெந்நீர் ஊற்றியதுபோல் பெரிய கரும்பச்சைத் திட்டு விழுந்து, காலையில் இலையின் அடியில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது பின் இலைக்கருகல். அதற்கு மட்டும் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது, சில நாட்களிலேயே வயலைக் காலி செய்துவிடும்.

மருந்து ‘நிற்கவில்லை’ என்கிறீர்களே, புள்ளி விழுந்த இலை எந்த மருந்துக்கும் திரும்பப் பச்சையாகாது. மேன்கோசெப் போன்றவை இலைமேல் படிந்து, புதிதாக விழும் பூஞ்சாண வித்தை முளைக்கவிடாமல் தடுப்பவை, உள்ளே போய்விட்ட நோயை விரட்டுபவை அல்ல. அதனால் அடித்த பிறகு பழைய இலையை விட்டுவிட்டு, மேலே வரும் புது இலை சுத்தமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். பனி காய்ந்த பிறகு வயலுக்குள் இறங்கி, மண்ணைத் தொடும் இலைகளையும் புள்ளி விழுந்த இலைகளையும் கிள்ளிச் சாக்கில் போட்டு வெளியே கொண்டுபோய் எரித்துவிடுங்கள், வரப்பில் குவித்து வைக்காதீர்கள். ஈர இலையைத் தொட்டுக்கொண்டே வரிசை வரிசையாக நடந்தால் நோயை நீங்களே பரப்பியதாகிவிடும். செடி தரையில் படர்ந்து கிடந்தால் குச்சி ஊன்றித் தூக்கிக் கட்டுங்கள், காற்று புகுந்து இலை சீக்கிரம் காயும், இந்தப் பூஞ்சாணம் இலைக்குள் இறங்க இலை பல மணி நேரம் ஈரமாக இருந்தாக வேண்டும். அப்புறம் மேன்கோசெப் லிட்டருக்கு 2 கிராம், இலையின் மேலும் கீழும் நனையும்படி தெளியுங்கள். அப்படியும் புது இலைக்கு ஏறினால் அசாக்சிஸ்ட்ரோபின் போல உள்ளே ஊடுருவும் மருந்தை லேபிளில் உள்ள அளவில் ஒரு தடவை கொடுத்துவிட்டு, அடுத்த தடவை வேறு வகைக்கு மாறுங்கள், ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் பூஞ்சாணம் அதற்குப் பழகிவிடும். மூன்றையும் ஒன்றாகக் கலப்பது வேண்டவே வேண்டாம், காசும் போகும், இலையும் கருகலாம். தெளித்ததிலிருந்து பறிப்புக்கு எத்தனை நாள் விட வேண்டும் என்று லேபிளில் போட்டிருக்கும், விலை ஏறியிருக்கிறது என்று அதற்குள் பறித்துவிடாதீர்கள்.

கேள்வி: மதுரையில் மாடியில் சில பைகளில் தக்காளி வைத்திருக்கிறேன். இதே புள்ளிதான். வீட்டிலேயே ஏதாவது தயாரிக்க முடியுமா?

பதில்: போர்டோ கலவை செய்யலாம் அம்மா. ஒரு லிட்டருக்கு மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 10 கிராம், சுண்ணாம்பு 10 கிராம். இரண்டையும் தனித்தனி பிளாஸ்டிக் பாத்திரத்தில் அரை அரை லிட்டர் நீரில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பு நீரில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறுங்கள். பிறகு துருப்பிடிக்காத பளபளப்பான இரும்புக் கத்தியை அதில் சிறிது நேரம் வைத்து எடுங்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் துத்தம் தூக்கலாக இருக்கிறது, இலையைச் சுட்டுவிடும், இன்னும் சுண்ணாம்பு நீர் சேர்க்க வேண்டும். படியவில்லை என்றால் வடிகட்டி அன்றைக்கே தெளித்துவிடுங்கள், மறுநாளைக்கு வைக்கக் கூடாது. பூவாளியால் தலையில் ஊற்றும் பழக்கம் இருந்தால் விட்டுவிட்டு, காலையில் வேரடியில் ஊற்றுங்கள்.

கேள்வி: புள்ளி எதுவும் இல்லை, இலை மேல்நோக்கிச் சுருண்டு செடி குட்டையாக நிற்கிறது. இதற்கும் மேன்கோசெப்பா?

பதில்: இல்லை. அது பெரும்பாலும் வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டு வைரஸ், பூஞ்சாண மருந்து அடித்துப் பயனில்லை. பாதித்த செடியைப் பிடுங்கி அழித்துவிட்டு, மஞ்சள் ஒட்டுப்பொறி வையுங்கள்.

கேள்வி: அறுவடை முடிந்ததும் அதே நிலத்தில் மறுபடி தக்காளி நடலாமா?

பதில்: முன் இலைக்கருகல் வந்த நிலமென்றால் வேண்டாம். மக்காத தழையில் பூஞ்சாணம் அடுத்த பயிர் வரை உயிரோடு இருக்கும். கத்தரியும் உருளையும் அதே குடும்பம், அவையும் சரிவராது. மக்காச்சோளமோ ராகியோ தட்டைப்பயறோ போட்டு எடுத்துவிட்டு, அடுத்து தக்காளி விதைக்கும்போது கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சாணத்தைக் கலந்து நாற்று விடுங்கள்.