சட்டைக்கு யார் பட்டன் போடுறது?

கடிதம்:

சார் வணக்கம், அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஈவா ஃபெடர் கிட்டேயைப் பத்தி நீங்க எழுதினதைப் படிச்சேன். யாரும் தனிச்சு நிக்கிறதில்ல, எல்லாரும் சார்ந்துதான் வாழ்றோம்னு அந்தம்மா சொல்றது கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா என் தம்பி வீல்சேர்ல இருக்கான், அவன் தனியா பஸ் ஏறி வேலைக்குப் போகணும்னு பத்து வருஷமா மல்லுக்கட்டுறோம். "அப்ப ரேம்ப் எதுக்கு, வீட்லயே வச்சுப் பாத்துக்கங்க"ன்னு சொல்றவங்களுக்கு இது வசதியாப் போயிடாதா? (பேர் போடாதீங்க)

பதில்:

வணக்கம்மா. தப்பு பாதி என்னோடது, நான் அவசரத்துல எழுதினதுல சுதந்திரமே பொய்னு கிட்டே சொன்ன மாதிரி ஆயிடுச்சு. அவங்க அப்படிச் சொல்லல. (ரேம்ப் எதுக்குங்கிறவங்க, யாரோ கட்டின படிக்கட்டுலதான் ஏறிட்டிருக்காங்க, அது வேற கதை.)

உங்க தம்பி கட்சியில ஒரு பெரிய ஆளு இருந்தார், அமெரிக்காவுல எட் ராபர்ட்ஸ். 14 வயசுல போலியோ, ரெண்டு விரலும் சில கால்விரலும்தான் அசையும், ராத்திரி இரும்பு நுரையீரல் மெஷினுக்குள்ள படுத்தாத்தான் மூச்சு. 1962-ல பெர்க்லி யுனிவர்சிட்டியில சேர்ந்து, ஹாஸ்டல் சரிப்படாம கேம்பஸ் ஆஸ்பத்திரியிலயே தங்கிப் படிச்சார். அவரும் கூட்டாளிங்களும் கிளப்பிவிட்ட இயக்கத்துலதான் 1972-ல அங்க மாற்றுத்திறனாளிங்க தங்க இஷ்டப்படி வாழ உதவுற இண்டிபெண்டன்ட் லிவிங் சென்டர் வந்துச்சு. அவங்க கணக்குல சுதந்திரம்னா சட்டைக்குத் தானே பட்டன் போட்டுக்கிறது இல்ல, எந்தச் சட்டை, எப்ப, யார் போட்டுவிடணும்னு தான் முடிவு பண்றது.

எனக்கு ரொம்பப் பிடிச்ச விளக்கம் இது. ஆனா கிட்டேயோட பொண்ணுக்குப் பேச்சு கிடையாது, கடுமையான அறிவுத்திறன் குறைபாடு, கூடவே மூளை முடக்குவாதம். பாட்டு கேட்டா அப்படி ஒரு சந்தோஷம், ஆனா ஆள் வச்சு வேலை வாங்குறது, வாழ்க்கையைத் திட்டம் போடுறது எல்லாம் அந்தப் பொண்ணுக்கு முடியாது. முடிவெடுக்கிறவர்தான் முழு மனுஷர்னா அவ வாசல்லயே நின்னுடுவா. சமூக நீதியைப் பத்தி எழுதின தத்துவ அறிஞர் ஜான் ரால்ஸ் மேலயும் கிட்டேக்கு இதே சண்டைதான், வாழ்நாள் பூரா சமமா ஒத்துழைக்கிறவங்க போட்டுக்கிற ஒப்பந்தம் மாதிரி சமூகத்தை வரைஞ்சா கைக்குழந்தை எங்க, படுக்கையில கிடக்கிற பாட்டி எங்க, அவங்களைப் பாத்துக்கிறதாலயே வெளிய சமமா போட்டி போட முடியாம போற பொம்பளைங்க எங்கன்னு கேக்குறாங்க.

1999-ல வந்த தன்னோட புத்தகத்துல கிட்டே இதுக்கு ஒரு வார்த்தை பிடிச்சாங்க, டூலியா. பிள்ளை பெத்தவளைக் கவனிச்சுக்கிற டூலாங்கிறவங்க பேர்ல இருந்து எடுத்தது. டூலா குழந்தையைத் தூக்கிட்டுப் போயிட மாட்டாங்க, அம்மா குழந்தையைப் பாத்துக்கிறதுக்காக இவங்க அம்மாவைப் பாத்துக்குவாங்க. நம்மூர்ல பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனா பத்தியச் சோறு போட்டு எண்ணெய் தேய்ச்சு விடுறாங்களே, கிட்டத்தட்ட அதான். அதைத் தாய்வீட்டுக் கடமைன்னு விட்டுடாம சமூகமே செய்யணும், சம்பளம், லீவு, மாத்தாள்னு கொடுக்கணும்ங்கிறதுதான் அவங்க கேக்குறது. தம்பிக்கு ரேம்ப் வேண்டாம்னு இதுல எங்கயும் வரல.

உங்க லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன்மா. அதுல தம்பி இருக்கான், பஸ் இருக்கு, ரேம்ப் இருக்கு. இந்தப் பத்து வருஷமா அவனைத் தூக்கி இறக்குறது யாரு, நீங்களா அம்மாவா? அவங்க முதுகு வலிக்கு யார் தைலம் தேய்ச்சு விடுறா? அதை ஒரு வரி எழுதுங்க.