சராசரி மார்க், வெளி மாநிலக் கல்லூரி

கேள்வி: கலிபோர்னியாவில் இருக்கிறோம். மகளின் ஜிபிஏ (நான்குக்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்) 3.1. வெளி மாநிலத்தில்தான் படிப்பேன் என்கிறாள், கட்டணத்தைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. வழி உண்டா?

பதில்: உண்டு. பெரிய பெயர்களைக் கொஞ்சம் ஓரம் வையுங்கள், சராசரி மாணவிக்கு அங்கே பணம் கிடைப்பது அபூர்வம். நீங்கள் மேற்கு மாநிலக்காரர் என்பது ஒரு வசதி: 'வூயி' (WUE) என்ற, மேற்கு மாநிலங்களுக்கு இடையிலான மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் சேர்ந்த கல்லூரிகள், உள்ளூர் மாணவர் கட்டும் டியூஷனில், அதாவது படிப்புக் கட்டணத்தில், 150 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. நார்தர்ன் அரிசோனா பல்கலைக்கழகம் அதில் உண்டு. ஆனால் எல்லாக் கல்லூரியும் எல்லாப் பாடத்துக்கும் தருவதில்லை, அதனால் அவள் எடுக்கப்போகும் மேஜரை (முக்கியப் பாடத்தை) சொல்லியே அட்மிஷன் ஆபீஸில் கேளுங்கள். வடக்கு டகோட்டாவின் மைனாட் ஸ்டேட் பல்கலைக்கழகம் போல, எந்த மாநிலத்தவருக்கும் ஒரே டியூஷன் என்கிற இடங்களும் இருக்கின்றன. குளிர் தாங்குவாளா என்பது வேறு விஷயம்!

அப்புறம், ஒரு வருடம் அங்கே இருந்துவிட்டால் உள்ளூர்க் கட்டணம் வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். படிக்க வந்து தங்கும் காலத்தைப் பெரும்பாலான மாநிலங்கள் கணக்கில் சேர்ப்பதில்லை, அதுவும் பெற்றோர் வேறு மாநிலத்தில் வரி கட்டும்போது.

ஒவ்வொரு கல்லூரித் தளத்திலும் 'நெட் பிரைஸ் கால்குலேட்டர்' இருக்கும்; விடுதி, சாப்பாடு உட்பட மொத்தச் செலவில் உதவித்தொகையைக் கழித்து நீங்கள் கட்டவேண்டியதைத் தோராயமாகக் காட்டும். அதில் உங்கள் வருமானத்தைப் போட்டுப் பாருங்கள். விமான டிக்கெட்டையும் சேர்த்து, நான்கு வருடப் படிப்புக்கு நான்கால் பெருக்குங்கள். ஸ்காலர்ஷிப் கடிதம் வந்தால் முதலில் தொகையைப் பார்க்காதீர்கள், அடுத்த வருடமும் கிடைக்க என்ன ஜிபிஏ வேண்டும் என்ற வரியைத் தேடுங்கள். 3.0 என்றிருந்தால் உங்கள் மகளுக்கு அது கத்திமேல் நடப்பதுதான்.