கைகட்டி நின்றது யார்?

கேள்வி: கடன் கேட்டுப் போகும் ஏழை நாடுகள் ஐ.எம்.எஃப். (சர்வதேச நாணய நிதியம்) முன்னால் ஏன் இப்படிக் கைகட்டி நிற்கின்றன? துணிந்து பேரம் பேசினால் என்ன?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: 'கைகட்டி' என்று எழுதிவிட்டீர்கள். அந்தச் சொல்லைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. உங்கள் ஜில்லாவில் பண்ணையார் முன் கைகட்டி நின்றவர் கூலி கேட்க வந்தவர். இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தாவில் 1998 ஜனவரி 15 அன்று எடுத்த படத்தில் அது தலைகீழ். அதிபர் சுகார்த்தோ மேஜை மேல் குனிந்து ஐ.எம்.எஃப். கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறார். மார்புக்குக் குறுக்கே கைகட்டி, மேலிருந்து பார்த்துக்கொண்டு நிற்பவர் ஐ.எம்.எஃப். தலைவர் மிஷேல் காம்டெஸ்ஸு. பையன் வீட்டுப் பாடம் எழுதுகிறானா என்று வாத்தியார் பார்ப்பாரே, அதே நிலை. அந்தப் படம் ஒரு தேசத்தையே புண்படுத்தியது.

ஆனால் அன்று ஒப்புக்கொண்ட 50 அம்சங்களும் அநியாயம் என்று சொல்ல மாட்டேன். சுகார்த்தோவின் மகன் டாமி கையில் இருந்த கிராம்பு ஏகபோகத்தை ஒழிப்பதும் அதில் ஒன்று. அதை ஒழிக்க வேண்டியதுதான். எரிபொருள் மானியத்தைக் குறைக்கும் அம்சம்தான் நெருப்பானது. படிப்படியாகக் குறைக்க அவகாசம் இருந்தும், மே 4 அன்று பெட்ரோல் விலையை ஒரேயடியாக 71 சதவீதமும் மண்ணெண்ணெய் விலையை 25 சதவீதமும் ஏற்றினார்கள். அப்புறம் மாணவர்கள் மீது துப்பாக்கிச்சூடு, கலவரம், ஆயிரத்துக்கு மேல் சாவு. மே 21இல் சுகார்த்தோ பதவி விலகினார்.

சரி, பேரம் பேச முடியுமா? முடியும். 1991இல் நம்மிடம் இரண்டு வார இறக்குமதிக்குத்தான் டாலர் இருந்தது. 47 டன் தங்கம் அடகுக்குப் போனது. அந்த நிலையிலும், மானியத்தைக் குறைக்க அன்றைய நிதியமைச்சர் மன்மோகன் சிங் பட்ஜெட்டில் 40 சதவீதம் ஏற்றிய உர விலையை எதிர்த்து எம்.பி.க்கள் எழுந்தார்கள், ஆளுங்கட்சிக்காரர்களும் சேர்ந்து. ஏற்றம் 30 சதவீதமாகக் குறைந்தது; சிறு, குறு விவசாயிகளுக்கு விலக்கும் கிடைத்தது. அக்டோபரில் ஐ.எம்.எஃப். கடனும் வந்தது. சுகார்த்தோவின் நாட்டில் அப்படி எழுந்து நிற்கிற ஒரு நாடாளுமன்றம் இல்லை.

'நிபந்தனை என்று எழுதாதீர்கள், சீர்திருத்தம் என்று எழுதுங்கள்' என்று பொருளாதாரப் பேராசிரியர் ஒருவர் பல வருடங்களாக என்னோடு சண்டை போடுகிறார். இன்றும் நான் நிபந்தனை என்றுதான் எழுதுவேன். கடன் வாங்கும் அரசு தானே விரும்பி எழுதியதுபோல ஒரு விருப்பக் கடிதம் கொடுக்க வேண்டும். அதன் வாசகங்களை இரண்டு தரப்பும் முன்கூட்டியே பேசி முடித்திருக்கும். கையெழுத்தாகும் முன்பே அந்தக் கடிதம் நாடாளுமன்றத்துக்கு வரட்டும், மண்ணெண்ணெய் வரிசையில் நிற்கும் பெண்ணுக்குப் புரிகிற மொழியில்.