பழைய ரோமில் சாதாரண மக்கள் கண்ணாடிப் பாத்திரம் வைத்திருந்தார்களா?

வைத்திருந்தார்கள், அதுவும் தாராளமாகவே. முதலில் அது பணக்காரப் பொருள்தான், கி.மு. 1ஆம் நூற்றாண்டில் சிரியா, பாலஸ்தீனப் பக்கம் குழாயால் ஊதிக் கண்ணாடி செய்யும் வித்தை வந்ததும் விலை சரிந்தது, ரோமில் ஒரு செப்புக் காசுக்கே கண்ணாடிக் கோப்பை கிடைக்கிறது என்று அந்தக் காலத்துக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்டிராபோ எழுதும் அளவுக்கு.

சாதாரணப் பாத்திரங்கள் நீலப் பச்சையாக இருப்பது அழகுக்காக இல்லை. மணலில் கலந்திருந்த இரும்பின் வேலை அது! உடைந்ததையும் வீணாக்காமல் திரும்ப உருக்கினார்கள்.

விளக்கு மட்டும் வெகுகாலம் மண் அகல்தான். கி.பி. 4ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் கண்ணாடி விளக்கு பரவியது: கூம்புக் கிண்ணத்தில் தண்ணீர், மேலே மிதக்கும் எண்ணெய், அதில் திரி. அடிப்பக்கம் நிழல் விழாது, வெளிச்சம் கீழேயும் இறங்கும்.