வாயேஜரில் மகள் பெயர்: 4,500 ரூபாய் கட்டலாமா?

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு. சூரியக் குடும்பத்தின் எல்லையில் இருக்கும் வாயேஜர் விண்கலத்தில் அவள் பெயரை ஏற்றிச் சான்றிதழ் தருவதாகப் பள்ளிக்கூடத்துக்கு வந்த ஒருவர் சொல்லியிருக்கிறார். 4,500 ரூபாயும் ஆதார் நகலும் கேட்கிறார். மகேந்திரகிரியில் அவருக்கு ஆள் இருக்கிறதாம். கட்டலாமா? – ஒரு தகப்பன், தக்கலை

பதில்: கட்டாதீர்கள். ஆதார் நகலையும் கொடுக்காதீர்கள்.

நாசாவின் வாயேஜர் விண்கலங்கள் இரண்டுமே 1977இல் கிளம்பியவை. சூரியனிலிருந்து பாயும் துகள்கள், அதாவது சூரியக் காற்று, வீசும் எல்லையை ஒன்று 2012லும் மற்றது 2018லும் தாண்டிவிட்டன. 1977இல் வடசேரியிலிருந்து புறப்பட்ட பஸ்ஸில் இன்றைக்குத் துண்டு போட்டு இடம் பிடித்துத் தருகிறேன் என்கிறார் இந்த ஆள்.

“ரேடியோவில் அனுப்பிவிடுவோம்” என்பார் அடுத்து. வாயேஜர் 1க்கு ஒரு கட்டளை போய்ச் சேரவே ஏறக்குறைய ஒரு நாள் ஆகிறது. அதன் மொத்த நினைவகம் சுமார் 70 கிலோபைட். உங்கள் வாட்ஸ்அப்பில் வரும் குட்மார்னிங் படம்கூட அதில் அடங்காது. மின்சாரம் குறையக் குறைய ஒவ்வொரு கருவியாக அணைத்துக்கொண்டு வருகிறார்கள். இதற்கு நடுவில் பெயர் ஏற்றுவார்களா?

மகேந்திரகிரியில் இஸ்ரோ சோதிப்பது ராக்கெட் இன்ஜின். நமக்குப் பக்கத்தில் இருப்பதால் ஆளாளுக்கு அதன் பெயரை வைத்துப் பிழைக்கிறார்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் விளக்கிவிடுகிறேன், அதைக் காட்டியே உங்களை மடக்கப் பார்ப்பார். 2006இல் கிளம்பிய நியூ ஹொரைசன்ஸ் என்ற நாசா விண்கலம் உண்மையிலேயே 4,30,000க்கும் மேற்பட்ட பெயர்களை ஒரு சிடியில் கொண்டுபோகிறது. புளூட்டோவை 2015இல் பார்த்துவிட்டு, அதுவும் வெளியே போய்க்கொண்டிருக்கிறது. ஆனால் அந்தப் பெயர்களை வாங்கியது கிளம்புவதற்கு முன்னால், அதுவும் இலவசமாக. உங்கள் மகள் அப்போது பிறக்கவே இல்லை. வியாழனுக்குப் போகும் யூரோப்பா கிளிப்பரில் 26 லட்சம் பெயர்கள் போயிருக்கின்றன, அதுவும் இலவசம்தான். இனி வாய்ப்பு வந்தாலும் நாசாவின் சொந்த இணையதளத்தில்தான் வரும். நடுவில் ஆள் எதற்கு?

அறிவிப்பெல்லாம் ஆங்கிலத்தில் இருப்பதுதான் இவர்களுக்கு முதலீடு. வாயேஜரில் இருக்கும் தங்க முலாம் பூசிய ஒலித்தட்டில் 55 மொழிகளில் வாழ்த்து உண்டு. தெலுங்கும் கன்னடமும் சிங்களமும்கூட இருக்கின்றன, தமிழ் இல்லை. சரி, அது பழைய கதை. பிள்ளைகளைத் திற்பரப்புக்குக் கூட்டிப்போக ஆயிரம் கையெழுத்து கேட்கிற பள்ளிக்கூடங்கள், இந்த மாதிரி ஆட்களை எப்படி வகுப்புக்குள் விடுகின்றன என்பதுதான் எனக்கு இன்றைக்கும் புரியாதது. அதே ஆள் அடுத்த வருஷம் நட்சத்திரத்துக்கு மகள் பெயர் வைக்கலாம் என்று வருவார், பாருங்கள்.

ஏற்கெனவே ஜிபேயில் அனுப்பிவிட்டீர்கள் என்றால், அந்த ஆளுக்குப் போன் போட்டுக் கெஞ்சி நேரத்தை வீணாக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் பேசுங்கள். பணம் கைமாறுவதற்குள் முடக்கினால்தான் உண்டு.